பக்கத்து இருக்கையில் மில்லர்

வாசகரே, நமது ஒஸ்லோவில் ஓர் அபூர்வ இனம் உண்டு. பெயர், பக்கத்து இருக்கை வரலாற்றாசிரியர். நீங்கள் வழி கேட்டால் அவர் வரலாறு தருவார். இவரைக் காண நூதனசாலைக்குப் போகவேண்டாம். பழகுநர் ஒருவர் அனுபவமுள்ள பெரியவரைப் பக்கத்தில் இருத்திக் கார் ஓட்டலாம் என்கிற நோர்வேச் சட்டத்தை நம்பி, எல்லிங்ஸ்ருட்டில் எங்களுக்குக் கீழ்மாடியில் இருக்கும் பிலேந்திரன் மாமாவின் கதவைத் தட்டினால் போதும்.

நான் தட்டினேன். 2004 ஏப்ரல். எங்கள் குடும்பத்தில் முதற் பட்டம் என்னுடையது, தாதியர் படிப்பு. வீடு வீடாகப் போய் நோயாளரைப் பார்க்கும் வேலையும் கிடைத்திருந்தது. ஒரே நிபந்தனை, ஜூன் முடிவதற்குள் கார் லைசென்ஸ்.

மாமா ஏறுவார், இருக்கைப் பட்டியைப் போடுவார், நடுக்கண்ணாடியைத் தன் மீசைக்கு வசதியாகத் திருப்புவார், பிறகு சட்டைப்பையிலிருந்து ஹரி மில்லர் என்ற அமெரிக்கர் செய்த பந்தயக் காரின் ஓரம் மடிந்த படத்தை எடுத்து, வேகமானியை மறைத்துச் சாத்திவைப்பார். எனக்குப் பின்னால் என்ன வருகிறது, நான் என்ன வேகத்தில் போகிறேன்? இரண்டும் எனக்குக் கடைசிவரை தெரியாது.

ட்வெய்ட்டாவுக்குப் போகும் வழியில் ஒரு சந்தி.

"மாமா, நிக்கவோ, போகவோ?"

"அது கிடக்கட்டும். ஹரி மில்லர் எதிலை தொடங்கினவர்?"

"காபரேற்றரிலை."

"கெட்டிக்காரி! லொஸ் ஏஞ்சல்ஸிலை, பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றர் செய்து, பிறகு எஞ்சின் செய்து, பிறகு முழுப் பந்தயக்காரையும் செய்த மனுசன். பின்சில்லு தள்ளுறதில்லை, முன்சில்லு இழுக்கிற பந்தயக் கார், பிள்ளை! அந்தக் காலத்திலை!"

பின்னால் ஹோர்ன் கதறியது. கடைக்குப் போவதற்காகப் பின்னிருக்கையில் ஏறியிருந்த அவர் மனைவி புளோறன்ஸ் மாமியும் கதறினார்.

"ஏனப்பா, உங்கட மில்லரே வந்து இவளுக்கு லைசென்ஸ் குடுக்கப்போறார்? பிள்ளை, அடையாளப் பலகை இல்லாத சந்தியிலை வலப்பக்கத்தாலை வாறவனுக்கு வழி விடோணும். அதைப் படி!"

"நீர் சும்மா இரும். பிள்ளை வரலாறு படிக்குது."

படித்தேன். அதுதானே எனக்குத் தெரிந்த ஒரே வேலை? யாராவது எதையாவது சொன்னால் அப்படியே மனப்பாடம்.

ஜூன் பதினைந்து, தேர்வு. பரிசோதகர் ஒரு சாந்தமான பெண். புறப்பட்டுப் பத்து நிமிடத்தில், பேச்சுக்காகத்தான், "இந்தக் காருக்கு முன்சில்லு இழுவைதானே?" என்று கேட்டார். "ஆம்" போதும். பட்டதாரிக்கு ஒரு சொல் போதுமா? நான் லொஸ் ஏஞ்சல்ஸிலிருந்து தொடங்கினேன். அழகான நோர்வேஜிய மொழியில் காபரேற்றரைக் கடந்து, எஞ்சினைக் கடந்து, ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளுக்குள் நுழைந்தபோது, வலப்புறமிருந்து ஒரு பேக்கரியின் பாண் வண்டியும் நுழைந்தது.

பரிசோதகர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். தேர்வு முடிந்தது; அடுத்ததற்கு நான்கு வாரம் பொறுக்கவேண்டும், ஜூன் பொறுக்காது. வேலை ஹம்மர்பெஸ்ட்டிலிருந்து வந்த ஒருத்திக்குப் போனது.

மாமாவிடம் போய் அழுதேன். அவரும் கலங்கித்தான் போனார்.

"ஐயோ பிள்ளை... கதையை எதிலை நிப்பாட்டினவள் அவள்?"

"முன்சில்லிலை."

"சே! நல்ல இடம். மில்லரும் பிறகு கடனிலை விழுந்தவர்தான். முப்பத்துமூண்டாம் ஆண்டிலை..."

சிரிக்கிறீர்கள். சரி, மில்லர் எதில் தொடங்கினார்? சட்டென்று வந்துவிட்டது, இல்லையா? இப்போது சொல்லுங்கள், பலகை இல்லாத சந்தியில் யாருக்கு வழி விடவேண்டும்? ஏன் விடை தேடிக் கதையின் மேற்பகுதியைத் திரும்பிப் பார்க்கிறீர்கள்? தயவுசெய்து, யாராவது பழகுநர் உங்கள் கதவைத் தட்டினால், வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.