உசிலம்பட்டியில் பெட்ரோல் இருக்கலாம்

அன்புள்ள செல்வக்குமார் மாமாவுக்கு, சுபலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் இரண்டு எருமைகளும் நலம். அப்பா அளவுக்கு மீறிய நலம்; எனக்குப் பயமே அதுதான். பேசினால் எழுந்துவிடுவார் என்று போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைப் படமெடுத்து அம்மா போனிலிருந்து அனுப்புவேன். காரைக்காலில் கடலடிப் பாறைகளை ஆராய்கிற நீங்கள் சொன்னால்தான் அப்பா கேட்பார்.

போன வாரம் பள்ளி அறிவியல் கண்காட்சியில், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே மீன்தொட்டியில் மன்னார் வளைகுடாவைச் செய்து வைத்தேன். டைனோசர் காலத்தில் நம் நிலமும் இலங்கையும் அண்டார்டிகாவும் ஒட்டிக்கொண்டிருந்ததையும், பிறகு பூமி விரிந்து பள்ளமானதையும், ஆறுகள் கோடிக்கணக்கான வருடம் சேறும் மணலும் கொட்டி அதை நிரப்பியதையும், சேற்றில் புதைந்த நுண்ணுயிர்கள் வெந்து எண்ணெயாகியிருந்தால் அதை உறிஞ்சிவைக்க மணற்கல்லும் மேலே இட்லிச்சட்டி மூடி மாதிரி களிமண்ணும் வேண்டும் என்பதையும் மூச்சுவிடாமல் சொன்னேன். எல்லாம் சரியாகத்தான் போனது. சிறப்பு விருந்தினர் எனக்குச் சால்வை போர்த்தி மைக்கை வாயருகே நீட்டி, "ஏம்மா, நம்ம ஊருக்கடியிலயும் பெட்ரோல் இருக்குமா?" என்று கேட்டார். இங்கே இருப்பது அதற்கெல்லாம் முந்திய கெட்டிப் பாறை, எண்ணெய் தங்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் சால்வை போர்த்தியவரிடம் எப்படி மாமா இல்லை என்பது? "இருக்கலாம் சார்" என்றேன். கைதட்டல். கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் அப்பாவைப் பார்த்து, "மாப்ள அழகுபாண்டி, இம்புட்டு நாளா பெட்ரோலு மேலயாடா பருத்தி போட்டுக்கிட்டிருந்த?" என்று சிரித்திருக்கிறார்கள். அப்பா, "தோண்டுனா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றாராம். நீரோட்டம் பார்க்கும் கண்ணுச்சாமி உள்ளங்கையில் தேங்காயோடு எங்கள் காட்டில் நடந்தார். போன வருடம் தண்ணீருக்கு எழுந்து நின்று, லாரி வர வழியில்லாமல் தோண்டாமல் விட்ட அதே இடத்தில் தேங்காய் மறுபடியும் நின்றது. "இது தண்ணிக்கா, எண்ணெய்க்கா?" என்று அப்பா கேட்டதற்கு, "தேங்காய்க்கு அம்புட்டு வெவரம் தெரியாதுண்ணே" என்றார். எங்கள் காட்டுக்குப் போகும் வழியில் இரண்டு வருடமாக ஒரு சைக்கிளைக்கூட விடாத காளை பெரியப்பா, தன் முள்வேலியைத் தானே வெட்டிவிட்டு, "போர் லாரி எங்காட்டு வழியா வரட்டும்டா தம்பி. பூமிக்கடியில வரப்பா போட்டிருக்கு? ஒனக்கு வந்தா எனக்கும் வரும்ல" என்கிறார்.

நாளைக் காலை ஆழ்துளை போடும் லாரி வருகிறது, மாமா. ஊரே பார்க்க வரும். தண்ணீர் வந்தால் நான் மைக்கில் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். எதுவுமே வராவிட்டால் போர் கூலிக்கு எருமைகளைத்தான் விற்க வேண்டும்; அவை என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியாது. ஆறு மணிக்கே அப்பாவைக் கூப்பிட்டு உண்மையைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். நான் அதற்குள் பள்ளிக்குப் போய்விடுவேன். அத்தைக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு. உங்கள் கடல் அலையில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பயத்துடன் சுபலட்சுமி

பி.கு: அப்பா எழுந்துவிட்டார். போர்வையை விலக்கி முழுவதையும் படித்தார். திட்டவில்லை, அம்மா விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "அன்னிக்கே ஒங்க மாமாகிட்ட கேட்டுட்டேன்டி. வெறும் பாறை, சொட்டு எண்ணெய் கெடையாதுன்னுட்டாரு. அதப் போயி காளை அண்ணன்கிட்ட யாராச்சும் சொல்லுவாகளா?" என்கிறார். நீங்களும் தெரிந்துகொண்டேதான் பேசாமல் இருந்தீர்களா? தண்ணீர் வந்தால் பெரியப்பா காட்டுக்கும் பாய்ச்சப் போகிறாராம். "நீயும் இருக்கலாம்னுதானே சொன்ன? தூங்கு" என்று டார்ச்சை அணைக்கச் சொல்கிறார். ஆறு மணிக்குக் கூப்பிட வேண்டாம், மாமா. லாரி வேலை முடித்து, பெரியப்பா காட்டைத் தாண்டித் தார்ரோட்டில் ஏறட்டும்.