முதலில் பிரேக் போடுபவர் யார்?

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் காரும் முழுசாக இருக்கிறோம். அங்கே தங்கச்சியும் நீங்களும் நலமா என்று நிதானமாக விசாரிப்பதுதான் முறை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் வந்திருந்தபோது, கல்லூரியில் நீங்கள் நடத்தும் கேம் தியரியை என் டிரைவிங் ஸ்கூலுக்கும் பொருத்திச் சொன்னீர்களே, இரண்டு பேர் எதிரெதிரே காரில் வருகிறார்கள், முதலில் விலகுகிறவன் தோற்றான், ஆகவே நம்மால் விலகவே முடியாது என்று எதிராளிக்குக் காட்டிவிட்டால் அவன் விலகியே தீர வேண்டும் என்று, அது சும்மா உவமைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடம் வேலை பார்த்துவிட்டு எதிர்ப்பக்கமே ஸ்கூல் திறந்தானே, ஓயாமல் ஹாரன் அடிப்பதால் 'ஹாரன்' என்று நாம் கூப்பிடும் பயல், அவனுக்கும் எனக்கும் காலை ஆறு மணிக்குக் காலி மைதானம் யாருக்கு என்பதில் தகராறு. நேற்று பல் டாக்டரம்மாவை ஓட்டவிட்டு நான் மைதானத்துச் சந்தில் நுழைய, அந்தக் கோடியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியாரை ஓட்டவிட்டு அவன் நுழைந்தான். சொல்லிக்கொடுப்பவனுக்கென்று என் பக்கம் வைத்திருக்கும் பிரேக்கில் கால் இல்லை என்று அவனுக்குத் தெரியட்டும் என்று, முழங்கால் முன்கண்ணாடி வழியே தெரிய சீட்டின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவன் பார்த்தான். அவனும் உட்கார்ந்தான்.

"சார், பிரேக் போடலாமா?"

"போடாதீங்கம்மா, அவன் போடட்டும்."

"அவர் காலும் சீட்டு மேல இருக்கே சார்!"

காலை இறக்கலாம் என்றால் மரத்துப்போய்க் கிடக்கிறது. நல்லவேளை, அம்மா என்னைக் கேட்காமல் ஓங்கி மிதித்தார். வாத்தியார் பயத்தில் கிளட்சை விட்டதில் அவர் வண்டி தானாக நின்றது. நடுவே ஒரு கை நுழைய இடமில்லை. இறங்கிய டாக்டரம்மா, "இன்னிக்கு நாலு பேருக்குப் பல்லு புடுங்கணும். இந்தக் கையோட எப்படிப் புடுங்குறது? முதல்ல நீங்களே வந்து உட்காருங்க" என்றார்.

அதுகூடப் பரவாயில்லை. இன்று ஹாரன் வரவேயில்லை. ஷட்டரும் இறங்கிக் கிடக்கிறது. பயந்துவிட்டானா, பயந்ததுபோல் நடிக்கிறானா, நடிக்கிறான் என்று நான் பயப்படட்டும் என்று பயந்தேவிட்டானா? மைதானம் முழுக்க எனக்கே கிடைத்தும், நடுவில் காரை நிறுத்திவிட்டு நாலு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக் கதவை யாராவது தட்டினால் மனைவியைத்தான் அனுப்புகிறேன். நாளைக்குப் போகவா, வேண்டாமா? உடனே எழுதுங்கள். ஆனால் ஒன்று, உயிரே போனாலும் ஆறு மணியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தங்கச்சிக்கு என் ஆசிகள். குழந்தைகளை இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடக்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி இதைப் படித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஹாரன் வீட்டுக்குப் போனாள். "ஒரு நாள் நீ, ஒரு நாள் அவரு. சரியா?" என்றாளாம். சொல்லி முடிப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டானாம். நான் அவன் வீட்டுக்குள்ளேயே காரை விட்டுவிடுவேனோ என்று நேற்றிலிருந்து கட்டிலைவிட்டு இறங்கவில்லையாம். ஆறு மணியை விட்டுக்கொடுத்துவிட்டேன். இப்போது வாசலில் நிற்கிறான். "இதெல்லாம் உங்களுக்கு யாருண்ணே சொல்லிக் குடுத்தது?" என்று உங்கள் முகவரி கேட்டான். எதற்கு என்றேன், சிரிக்கிறான். கொடுத்துவிட்டேன். பதில் எழுத வேண்டாம், கதவைத் தாழ்போட்டு வையுங்கள்.