பூக் கேட்டு வந்த ஜீப்பு

நாப்பத்தஞ்சு வயசு தாண்டுனா எங்க பக்கத்து ஆம்பளைக்கு ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா வருமுங்க. ஒண்ணு சர்க்கரை. இன்னொண்ணு பழைய ஜீப்பு வாங்கோணும்ங்கற ஆசை. எனக்கு ரெண்டும் ஒரே வருசத்துல வந்துருச்சு. சர்க்கரைக்கு மாத்திரை இருக்குது. ஜீப்புக்கு அமராவதியோட சம்மதம் வேணும். அது எந்த மருந்துக் கடையிலயும் கெடைக்காதுங்க.

அமராவதிங்கறது என்ற சம்சாரம். அனுப்பர்பாளையத்துல எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி. வெளிய போர்டுல கதிர்வேல்னு என்ற பேரு இருக்கும். போர்டுக்கு உள்ளார எல்லாமே அவதான். நான் ஆர்டர் புடிப்பேன், அவ தப்புப் புடிப்பா. செக்கிங் டேபிளுக்கு அவ வந்து நின்னா டெய்லருக மூச்சுக் கூட மெதுவாத்தான் உடுவாங்க. ஒரு பனியன எடுத்தா மொதல்ல உள்பக்கத்த வெளிய திருப்பிப் போட்டுருவா. "வெளிப்பக்கம் எல்லாரும் நல்லாத்தான் தைப்பாங்க. திருப்பிப் பாத்தாத்தான் யோக்கியதை தெரியும்"ன்னு சொல்லுவா. இத நீங்க ஞாபகம் வெச்சுக்கோங்க. நான் வெச்சுக்கல.

ஒரு நாள் காலையில இட்லி வெக்கறப்போ தைரியமாச் சொல்லிப் போட்டேன்.

"அமராவதி, நான் ஒரு முடிவு பண்ணீட்டேன்."

"சொல்லுங்க, மாத்தர்லாம்."

"மாத்தற முடிவு இல்ல. ஜீப்பு வாங்கப் போறேன். பழைய ஜீப்பு. நாலு சக்கரமும் இழுக்கும். மலை, சேறு, மணலு, எதுலயும் போகும்."

"நம்மூட்டுக்கும் கம்பெனிக்கும் நடுவுல மலை எங்கீங்க இருக்குது?"

"மழை பேஞ்சா நம்ம வீதியில சேறு இருக்குதல்ல?"

"அதுக்கு கவுன்சிலருகிட்டச் சொல்லோணும். ஜீப்பு எதுக்கு?"

"உனக்குப் புரியாது புள்ள. விண்டேஜ்னு சொல்லுவாங்க. பழசாக ஆக மதிப்பு ஏறும்."

என்ன மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவ பாத்தா. "எல்லாத்துக்கும் ஏறாதுங்க"ன்னு சொல்லிப் போட்டு சட்னிய ஊத்துனா.

அப்பறம்தான் மெதுவா உண்மையச் சொன்னேன். குன்னத்தூர்ல ஆத்தப்பண்ணன்னு ஒரு விவசாயி. அவரு மாட்டுக் கொட்டாயில ஒரு ஜீப்பு நிக்குது. பேசி முடிச்சு அட்வான்ஸும் குடுத்தாச்சு. இனி போயி எடுத்துட்டு வர வேண்டியதுதான். பாத்திரம் பறக்கும்னு நெனச்சுத் தட்டக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

"சேரி, வாங்குங்க. ஆனா..."

அவ பேச்சுல 'ஆனா' வந்துட்டா அவ்வளவுதானுங்க. பள்ளிக்கூடத்துல 'ஆனா'வுக்கு அப்பறம் 'ஆவன்னா' வரும். எங்கூட்டுல 'ஆனா'வோட பாடம் முடிஞ்சுரும்.

"ஆனா, ஊட்டு வாசலுக்கு வர்றதுக்கு முந்தி நம்ம கருப்பராயன் கோயல்ல பூக் கேக்கோணும். சாமி வெள்ளப் பூ குடுத்தா வண்டி உள்ள வரட்டும். செவப்பு குடுத்தா வந்த வழியே ஆத்தப்பண்ணங்கிட்டக் கொண்டுபோயி உட்டர்லாம்."

பூக் கேக்கறதுன்னா வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. வெள்ளப் பூவு ஒரு பொட்டலம், செவப்புப் பூவு ஒரு பொட்டலம். எது எதுன்னு தெரியாம இலையில சுத்தி சாமி முன்னால போட்டு, கேள்விய வாய் விட்டுக் கேட்டு, ஒண்ண எடுக்கோணும். வெள்ளன்னா சாமி சேரின்னு சொல்லுதுன்னு அர்த்தம். கெணறு வெட்டறதுல இருந்து பொண்ணு எடுக்கறது வரைக்கும் எங்காளுக கேப்பாங்க. எங்க கல்யாணத்துக்கும் கேட்டாங்க. வெள்ளதான் வந்துச்சு. சாமியக் கொற சொல்லக் கூடாதுங்க.

"பொட்டலம் ஆரு கட்டறது?"ன்னு கேட்டேன்.

"நீங்களே கட்டுங்க. எனக்குக் கம்பெனி வேலையே கழுத்து வரைக்கும் இருக்குது."

அடடா! பூனைகிட்டப் பால் சட்டிய எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிருச்சுங்க எனக்கு. எங்கூட்டு வாசல்ல வெள்ளரளி ஒரு பக்கம், செவ்வரளி ஒரு பக்கம் நிக்குது. வண்டி எடுக்கப் போற அன்னைக்கு வெடியக் காலையில எந்திரிச்சேன். வெள்ளரளிய மட்டும் கை நெறையப் பறிச்சேன். ரெண்டு பொட்டலம். ரெண்டுலயும் வெள்ள. வாழ இலையில சுத்தி, கம்பெனி நூல்ல இறுக்கிக் கட்டி சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். சாமி தப்புன்னு நெனைக்குமேன்னு கொஞ்சம் ஒதறலாத்தான் இருந்துச்சு. ஆனா கருப்பராயன் மன்னிச்சாலும் மன்னிப்பாரு, செவப்பு வந்துட்டா ஜீப்பு திரும்ப வராதுங்க.

அமராவதி பொடவ கட்டி வெளிய வந்தா.

"பூவெல்லாம் பறிச்சாச்சுங்களா?"

"ஆச்சு, ஆச்சு."

"ரெண்டு கலருமா?"

"பின்ன? ரெண்டுந்தான்."

செடியப் பாத்தா. என்னப் பாத்தா. செருப்பப் போட்டுக்கிட்டா. "சேரி, பஸ்சுக்கு நேரமாச்சு"ன்னு நடந்துட்டா.

குன்னத்தூர்ல ஆத்தப்பண்ணன் எங்களக் கொட்டாய்க்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. ஜீப்பப் பாத்ததும் எனக்கு ஒடம்பே சிலுத்துப் போச்சு. பச்ச நெறம். பெரும்பாலும் துருதான், நடுநடுவுல பச்ச. பின் சீட்டுல ஒரு கோழி அடை ஒக்காந்திருந்துச்சு.

"முட்டையும் வண்டியோட சேத்திங்களா?"ன்னு அமராவதி கேட்டா.

"முட்ட தனீங் அம்மிணி."

நான் வெவரமான ஆளு மாதிரி சக்கரத்த ஒதச்சுப் பாத்தேன். கால் வலிச்சுது. "பிரேக்கு புடிக்குமுங்களா அண்ணா?"

"புடிக்கும் மாப்ள. ஆனா டக்குன்னு புடிக்காது. கொஞ்சம் யோசிச்சுப் புடிக்கும்."

"கதவையே காணம்?"

"ஜீப்புக்குக் கதவு எதுக்குங்? எறங்கறதுக்குச் சுலுவு."

"விழறதுக்குமுங்க"ன்னா அமராவதி.

கோழிய எறக்கி, வண்டியத் தள்ளி உட்டதும், அது கொட்டாயே அதுர்ற மாதிரி இருமிக்கிட்டுக் கெளம்புச்சு. ஸ்டீரிங்க நான் புடிச்சதும் எனக்குள்ள ஒரு மகாராஜா எந்திரிச்சு ஒக்காந்தாரு. அவரு ரொம்ப நேரம் ஒக்காரல. கியர் போடறப்பெல்லாம் வண்டி கல்லு மெல்லற மாதிரி சத்தம் போட்டுச்சு. எதுத்தாப்புல வர்றவங்கெல்லாம் நாங் கேக்காமயே ஒதுங்குனாங்க. மரியாதைன்னு நெனச்சேன். மொகத்தப் பாத்தா பயம்.

ஊத்துக்குளியில நிறுத்தச் சொன்னா. அவ பொறந்த ஊரு, அங்க வெண்ணெ வாங்காம வரமாட்டா. ஒரு தூக்குப்போசியில வெண்ணெய வாங்கிக் காலுக்குக் கீழ வெச்சுக்கிட்டா. ஊரத் தாண்டுனதும் ஒரு மேடு. அந்த மேட்டு நடுவுல ஜீப்பு நின்னு போச்சு.

பிரேக்க மிதிச்சேன். அது யோசிச்சுது. வண்டி பின்னால உருள ஆரம்பிச்சுது. பின்னால ஒரு கம்பெனி வேனு, உள்ள பூரா வடக்கத்திப் பசங்க. "அரே பாய்! அரே பாய்!"ன்னு கத்துனாங்க. எனக்கு இந்தி தெரியாதுங்க. ஆனா என்ன சொல்றாங்கன்னு நல்லாப் புரிஞ்சுது. கடைசியா வேனு மூக்கத் தொடறதுக்கு ஒரு மொழம் இருக்கறப்போ பிரேக்கு ஒரு முடிவுக்கு வந்து புடிச்சுது. அப்பறம் சாவியத் திருப்பறேன், திருப்பறேன், கெளம்ப மாட்டேங்குது. எனக்கு வேத்து ஊத்துது.

"ஏனுங்க, கொஞ்சம் எறங்குங்க"ன்னா அமராவதி.

"தள்ளறதுக்கா?"

"இல்லீங்க. நான் ஓட்டறதுக்கு."

"இது ஸ்கூட்டி இல்ல புள்ள!"

"எங்கப்பா டிராக்டர நான் பாவாடை தாவணில ஓட்டுனவ. எறங்குங்க."

கண்ணாலம் ஆன நாள்ல இருந்து இத அவ எங்கிட்டச் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. பொடவையத் தூக்கிச் சொருகி ஏறி ஒக்காந்தா. வேன்காரப் பசங்கள ஒரு கை குடுக்கச் சொன்னா. அவங்க தள்ள, கிளச்ச உட்டா பாருங்க, ஜீப்பு ஒரு சத்தமில்லாம, அவ மடியில வளந்த கன்னுக்குட்டி மாதிரி மேட்ட ஏறுச்சு. பசங்க கை தட்டுனாங்க. நான் ஓடிப் போயித் தொத்திக்கிட்டேன்.

அப்பறம் அவகிட்ட ஸ்டீரிங்கக் கேக்க எனக்கு மனசு வரலீங்க. காத்துல முடி கலஞ்சு, ஒத்தக் கையில ஓட்டிக்கிட்டு, அவளா எதையோ நெனச்சு சிரிச்சுக்கிட்டே வந்தா. ஷிப்மென்ட்டு, செக்கிங்கு, டெய்லரு லீவுன்னு அவ சிரிச்சே எத்தனையோ நாளாச்சு. எனக்கே சந்தோசமாத்தான் இருந்துச்சு. சேரி, இன்னைக்கு ஒரு நாள் ஓட்டட்டும், நாளையில இருந்து வண்டி நம்மளுதுதானேன்னு பொட்டலத்தத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

கருப்பராயன் கோயல் எங்க வீதிக்கு முன்னாலயே இருக்குது. பூசாரி லிங்கசாமி வெளக்குல நெய் இல்லைன்னு நின்னாரு. அமராவதி தூக்குப்போசியத் தொறந்தா. எஞ்சின் சூட்டுல வெண்ணெ பூரா உருகித் தளதளன்னு கெடக்குது. ஊத்துக்குளியில வெண்ணெயா ஏறுனது, அனுப்பர்பாளையத்துல நெய்யாட்டம் எறங்குச்சு. வெளக்கெரிஞ்சுது. நான் ரெண்டு பொட்டலத்தையும் பவ்யமா எடுத்து சாமி முன்னால வெச்சேன். உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு.

அமராவதி கைய எடுத்துக் கும்புட்டு, கோயலுக்கே கேக்கற மாதிரி சொன்னா.

"சாமி கருப்பராயா! இந்த வண்டி எங்கூட்டுக்கு வரட்டும். அதுல எனக்கு மறுப்பில்ல. சாவி ஆருகிட்ட இருக்கோணும்னு மட்டும் நீ சொல்லு. அவருகிட்டன்னா செவப்புக் குடு. எங்கிட்டன்னா வெள்ளயக் குடு."

பொட்டலத்த ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டேன்.

"அமராவதி! வண்டி வரலாமா வேண்டாமான்னுதானே கேக்கறதா இருந்தோம்?"

"வரலாம்னு நானே சொல்லிப்போட்டனேங்க. அதுக்கு எதுக்கு சாமியத் தொந்தரவு பண்ணோணும்?"

"அப்படீன்னா... எனக்கு வெள்ள, உனக்கு செவப்புன்னு கேளு. ஆம்பளைக்கு வெள்ளதான் ராசி."

"கேட்ட கேள்விய மாத்துனா சாமி குத்தமுங்க. இல்லீங்களா பூசாரி?"

"ஆமாங் அம்மிணி"ன்னாரு லிங்கசாமி, நெய் வாங்குன மனுசன்.

"அப்ப பொட்டலத்தயாவது மறுக்காக் கட்டிட்டு வர்றேன். கட்டு லூசா இருக்குது."

"ஏனுங்க, உள்ள வெள்ள ஒண்ணு, செவப்பு ஒண்ணுதானே இருக்குது? பின்ன எதுக்குப் பயப்படறீங்க?"

கம்பெனியில பனியனத்தான் உள்பக்கம் திருப்புவான்னு நெனச்சேன். கேள்வியையும் திருப்புவான்னு தெரியாமப் போச்சே!

"நீங்களே எடுங்க"ன்னா.

எந்தப் பக்கம் கை வெச்சாலும் வெள்ள. இருந்தாலும் ஒரு நப்பாசை. இடதக் கொஞ்சம் தொட்டுப் பாத்தேன். வலதத் தடவிப் பாத்தேன். சாமிய ஒரு பார்வ பாத்தேன். செவப்பாக்கிக் குடுன்னு மனசார வேண்டிக்கிட்டேன், என்ன இருந்தாலும் குலசாமியல்ல. பூசாரி, "பையப் பையத் தேடாதீங் சாமி, கையில வர்றத எடுங்"ன்னாரு. எடுத்தேன். பிரிச்சாரு. பளிச்சுன்னு வெள்ளரளி.

"அடேங்கப்பா! சாமி வாக்கு அம்மிணிக்குத்தான்! இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டட்டுமுங்களா?"

எனக்கு உசுரே போயிருச்சு. அமராவதி அந்தப் பொட்டலத்த எடுத்து மடியில சொருகிக்கிட்டா. "வேண்டாமுங்க. பிரிச்சா சாமிய சந்தேகப்பட்ட மாதிரி ஆயிரும்."

ஊட்டுக்கு அவதான் ஓட்டிட்டு வந்தா. வாசல்ல நிறுத்தி, எலுமிச்சம்பழத்துல ஏத்தி, ஜோராத்தான் எறங்குனா. செவ்வரளிச் செடிகிட்டப் போயி ஒரு கொப்பப் புடிச்சுக் காட்டுனா. செடி பூரா பூவு, ஒண்ணு கொறையல. எதுத்த வெள்ளரளி மொட்டையா நிக்குது.

"காலையிலயே தெரியுமுங்க"ன்னா. "வெள்ள வந்தா வண்டி வேண்டாம்னு கேள்வியத் திருப்பிப் போட்டு, வண்டிய குன்னத்தூருக்கே அனுப்பிச்சுப் போடோணும்னுதான் பஸ் ஏறுனேன். ஊத்துக்குளி மேட்டுல மனசு மாறிருச்சு."

இப்போ ஜீப்பு தெனமும் கம்பெனிக்குப் போகுது. அவ ஓட்டறா. நான் பின்னால ஸ்கூட்டில போறேன். எதாவது கழண்டு உழுந்தா பொறுக்கிட்டு வரோணுமல்லங்க. போன ஞாயித்துக்கெழம மனசக் கல்லாக்கிக்கிட்டுப் போயிக் கேட்டேன்.

"அமராவதி, ஒரே ஒரு தடவ அவிநாசி வரைக்கும் ஓட்டிட்டு வரட்டுமா?"

"அதுக்கென்னங்க, பூக் கேட்டர்லாம்"ன்னு செவ்வரளிச் செடிப் பக்கம் நடந்தா. "பொட்டலம் நான் கட்டறேன்."