பெரட்டில் வாசித்த பத்தொன்பது பெயர்கள்

மேல்பிரிவு, கொஸ்லந்த
15.11.2009

அன்பு மச்சான் ஜீவனுக்கு,

மொனராகலை வெயில் உன்னையும் பிள்ளைகளையும் வறுக்காமல் விட்டிருக்கும் என நம்புகிறேன். இங்கே மழையும், கூரை ஒழுகலும், உன் அக்கா பாக்கியலெட்சுமியின் சத்தமும் வழமைபோல. விசயம் அதுவல்ல மச்சான், நான் ஜெயித்துவிட்டேன்! சந்தோசத்தில் அவசரமாக எழுதுகிறேன், எழுத்துக் கோணலை மன்னித்துக்கொள்.

நம்ம மகள் தயானி தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள் அல்லவா? தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் மகன் சுபாஸ், பதுளையில் கம்பியூட்டர் படிக்கிறவன், அவள் தலையைப் படத்திலிருந்து வெட்டித் தேயிலைக் கொழுந்துச் சாக்கின் மேல் ஒட்டி, 'நிறுக்கத் தராசு பத்தாது' என்று ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டான். அதன் கீழே பத்தொன்பது பேர் சிரித்து எழுதியிருக்கிறார்கள், எல்லோரும் நம் லயத்து வரிசை வீட்டுப் பையன்கள்! கூரைத் தகரமும் வேலையும் கிளாக்கர் கையெழுத்தில் இருக்கும்போது, மகன் சிரித்தால் தோட்டமே சிரிக்கத்தானே வேண்டும்? பிள்ளை நாலு நாள் வேலைக்குப் போகவில்லை, சோறும் இறங்கவில்லை. "திருப்பிக் கேளும்மா" என்றேன். "கேட்டா நம்ம தகரம் வராதுப்பா" என்றாள்.

நேரே பெரகல சந்திக்குப் போய், எனக்கும் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து கொடுத்த கொமியுனிகேசன் கடை ஜௌபரிடம் அதை அச்செடுத்தேன். மறுநாள் காலை, வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில், கணக்கப்பிள்ளை வேலைக்குப் பெயர் வாசித்து முடித்ததும், கல்லில் ஏறி நின்று சிரித்தவர்கள் பெயரை நான் வாசித்தேன். திட்டத்தான் நினைத்தேன் மச்சான், ஆனால் பெரட்டுப் பழக்கத்தில் ஒவ்வொருவனும் கையைத் தூக்கி "இருக்கேங்க!", "இருக்கேங்க!" என்கிறான்! எதற்கென்று விளங்கியபின் தலையைச் சொறிகிறான். கொழுந்து பறிக்கும் தனலெட்சுமி தன் மகன் முதுகில் கூடையாலேயே ஒன்று வைத்தாள். பெண்கள் வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. கிளாக்கர் ஓடி வந்து, "சிவஞானம், என்னய்யா இது?" என்றார். "ஒங்க மகன் சேத்த ஆளுங்கய்யா, நான் பேர் வாசிக்கிறேன்" என்றேன். பத்து மணிக்குப் படம் காணாமல் போனது. மாலையில் சுபாஸ் நம் வாசலுக்கே வந்து தயானியிடம் மன்னிப்புக் கேட்டான்.

தகரம் இனி வராது. போகட்டும், நனைந்தாலும் தலைநிமிர்ந்து நனைவோம். பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தங்கள்.

இப்படிக்கு,
எவனுக்கும் பயப்படாத உன் மச்சான்
சிவஞானம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தயானி அந்த அச்செடுத்த தாளை வாங்கி, நான் மடித்து விட்டிருந்த பகுதியை விரித்தாள். படம் பிடித்திருக்கிறது என்று கட்டைவிரல் காட்டியவர்களின் பெயர்கள் அங்கே இருந்தன. "கிளாக்கர் மகன் எது போட்டாலும் அந்த விரல அமுக்குங்க, தகரம் சீக்கிரம் வரும்" என்று ஜௌபர் சொன்னதால், கண்ணாடிகூடப் போடாமல் எல்லாவற்றையும் அமுக்கி வந்தேன் மச்சான். நாலு நாளும் அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. பெரட்டில் வாசிப்பதுபோல் ஒரே ஒரு பெயரை வாசித்தாள். என் கை தானாக மேலே போனது. "இருக்கேன்மா" என்றேன்.