மறக்கவே மாட்டீங்க

“உள்ளூர்க்காரங்க எங்க சாப்பிடுவாங்கண்ணா? அந்த இடத்தைச் சொல்லுங்க.”

இந்தக் கேள்வியைக் கேட்டாலே சோணைமுத்து பதிவேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். அவர் மதுரை சிம்மக்கல்லில் ஒரு லாட்ஜின் மேனேஜர். கேட்டவள் பவதாரிணி, சென்னைப் பெண். போகிற ஊரிலெல்லாம் தின்ன, தங்க, சுற்றிப் பார்க்க உள்ளூர்க்காரர்களுக்குப் பிடித்த இடங்களைத் தோண்டியெடுத்து வீடியோ போடுகிறவள். அறைச் சாவியை வாங்குவதற்கு முன்பே செல்போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டாள்.

பதில் அவருக்குத் தெரியும். அதுதான் பிரச்சினையே.

வைகைக் கரையை ஒட்டிய சந்தில் முனீஸ்வரியின் தள்ளுவண்டி நிற்கும். சாயங்காலமானால் இட்லியும் குடல் குழம்பும். உட்கார ஒரே ஒரு பெஞ்சு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சோணைமுத்துவுக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. எழுமலையில் கட்டிக்கொடுத்த மகள் வந்து பார்த்துவிட்டு அழுகிற அளவுக்குத் துரும்பாகிப் போனார். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். தட்டில் விழுந்ததைத் தின்றார். இன்னும் ரெண்டு வை என்றார். அன்றிலிருந்து அவர் காலையில் கண் விழிப்பதே சாயங்காலத்துக்காகத்தான்.

இந்த இடம் வீடியோவில் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார். பெஞ்சில் சென்னை உட்கார்ந்திருக்கும். கோயம்புத்தூர் பின்னால் நிற்கும். தனக்குச் சட்டியின் அடிப்பக்கம்தான் மிஞ்சும். நினைக்கவே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பொய் சொல்லவும் அவருக்கு வராது. பொய் சொன்னால் பாண்டி முனி கண்ணைக் குத்தும் என்று சின்ன வயதில் ஆத்தா சொன்னதை, ஐம்பது தாண்டிய பிறகும் நம்பிக்கொண்டிருக்கிற மனிதர். ஆகவே பொய்யாகாத வாக்கியம் ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

“பின்னாடித் தெருவுல காளை மெஸ்ஸுன்னு ஒன்னு இருக்கும்மா. ஒரு தடவ சாப்பிட்டா மறக்கவே மாட்டீங்க.”

அத்தனையும் உண்மை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை அங்கே சாப்பிட்டிருக்கிறார். சாம்பாரில் பருப்பைத் தேடிக் களைத்துப்போனார். அவர் மறந்தாலும் அவர் வயிறு அதை இன்றுவரை மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து முனீஸ்வரியிடம் இந்த வீரத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பட்டணத்துப் பிள்ளை இந்நேரம் கழுவும் இடத்தில் குத்தவைத்திருக்கும் என்றார். முனீஸ்வரி சிரிக்கவில்லை. கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“பாவம்ணே. சமைக்கிறவுகளுக்கும் மனசுன்னு ஒன்னு இருக்கும்ல.”

“மனசு இருந்தா அந்தச் சாம்பார வைப்பாகளாக்கும்?”

அவள் அடுத்த ஈட்டுக்கு மாவை ஊற்றப் போய்விட்டாள். ஆடி மாசத்திலிருந்து பகல் முழுக்க வேறொரு இடத்தில் வேலை பார்த்துவிட்டு வருகிறவள், அசதியாக இருக்கும் என்று இவர் நினைத்துக்கொண்டார். எந்த இடம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கு அவசியமானது குழம்புதானே.

மறுநாள் பவதாரிணி சண்டைக்கு வருவாள் என்று சோணைமுத்து காலையிலிருந்து தயாராக இருந்தார். வந்தாள். கண் கலங்கியிருந்தது. சாம்பார் காரமா என்று கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள், இப்படியொரு மீன் குழம்பைச் செத்துப்போன தன் அம்மாச்சிக்குப் பிறகு இங்கேதான் சாப்பிட்டேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பசி முற்றினால் இப்படியும் ஆகும் போலிருக்கிறது என்று சோணைமுத்து பரிதாபப்பட்டார்.

வீடியோ வந்தது. அதில் சோணைமுத்துவின் முகமும் வந்தது. ‘ஒரு தடவ சாப்பிட்டா மறக்கவே மாட்டீங்க’ என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொல்வது மாதிரி வெட்டி ஒட்டியிருந்தார்கள். அடுத்த வாரமே காளை மெஸ் வாசலில் வரிசை நின்றது. மெஸ் முதலாளி காளை அதே வாக்கியத்தை அவர் படத்தோடு பேனராக அடித்து மாட்டிவிட்டார். படத்தில் சோணைமுத்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். கட்சியில் சேர்ந்துவிட்டாரா என்று மகள் போன் போட்டு விசாரித்தாள்.

லாட்ஜ் முதலாளி காசிமாயனுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண முகூர்த்தத்திலும் நிறையாத அறைகள் நிறைந்துவிட்டன. வருகிறவர்களெல்லாம் ‘அந்த அண்ணன் எங்கே’ என்று கேட்டார்கள். ஒருவர் கேமராவை வைத்துக்கொண்டு, உள்ளூர்க்காரர்கள் விரும்பித் தங்குகிற இடம் எது என்று கேட்டார்.

“உள்ளூர்க்காரன் எதுக்குங்க வெளிய தங்குறான்? வீட்டுலதான் தங்குவான்.”

இதற்காகக் காசிமாயன் அவரைத் தனியாக அழைத்துப்போய்ச் சத்தம் போட்டார். சாப்பிட ஒரு இடம் சொன்ன வாய்க்கு, சுற்றிப் பார்க்க ஒரு இடம் சொல்லத் தெரியாதா என்றார். கோயிலும் மகாலும் எல்லாருக்கும் தெரியும், யாருக்கும் தெரியாத இடமாகச் சொல் என்றார். யோசித்துப் பார்த்ததில் இந்தப் புகழிலிருந்து தப்பிக்க ஒரு வழி சோணைமுத்துவுக்குத் தோன்றியது. படுமோசமான இடமாகப் பார்த்து அனுப்பினால், ஜனங்கள் காறித் துப்பிவிட்டு இவரை விட்டுவிடுவார்கள்.

அவனியாபுரத்துக்கு அப்பால் ஒரு கண்மாய் இருந்தது. சொட்டுத் தண்ணீர் கிடையாது. சீமைக் கருவேல முள்ளும் ஆடு மேய்க்கிறவர்களும்தான். அங்கே போனால் லேசில் திரும்பி வர முடியாது என்றார். அதுவும் உண்மை. ஷேர் ஆட்டோ கிடைக்காது.

ஐப்பசி மழைக்கு அந்த வருடம் பார்த்தா அப்படியொரு ஆவேசம் வரவேண்டும்? கண்மாய் நிரம்பி மறுகால் போனது. எங்கிருந்தோ கொக்கும் நாரையும் வந்து இறங்கின. போனவர்கள் மாலைவரை திரும்பி வராமல், வந்ததும் சோணைமுத்துவைக் கட்டிப்பிடித்தார்கள். திரும்பி வர மனசே இல்லை, நீங்கள் சொன்னது சத்தியம் என்றார்கள். தான் நாசமாகப் போகட்டும் என்று நினைத்ததெல்லாம் செழிக்கிறதே, இது என்ன நாக்கு என்று சோணைமுத்து ராசிபலனெல்லாம் பார்த்தார்.

இதில் உண்மையான துயரம் வேறு. முகம் தெரிந்த ஆளாகிவிட்டதால் முனீஸ்வரியின் வண்டிக்கு நிம்மதியாகப் போக முடியவில்லை. யாராவது பின்னாலேயே வந்தார்கள். வாழைக்காய்ப்பேட்டைக்குள் புகுந்து, பூக்கடை வழியாக வெளியேறி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வியாபாரத்தில் நஷ்டமா என்று தெரிந்தவர்கள் விசாரித்தார்கள்.

அத்தனை சூதானமும் ஒரு சாயங்காலம் வீணாயிற்று. மறுபடியும் மதுரைக்கு வந்திருந்த பவதாரிணி எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டாள். சோணைமுத்துவின் வாயில் முழு இட்லி. மூஞ்சிக்கு நேரே செல்போன். வண்டியைச் சுற்றி இருந்த வாடிக்கைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணா, தினமும் இங்கதான் சாப்பிடுறீங்களா? அப்ப இதுதான் உங்களோட ஸ்பெஷல் இடமா?”

இட்லியை விழுங்குவதற்குள் ஆயிரம் யோசனை. ஆமாம் என்றால் கடை போயிற்று. இல்லை என்றால் பாண்டி முனி. கடைசியில் பொய்யில்லாத வாக்கியம் ஒன்று வாய்க்கு வந்தது.

“வேற வழியில்லாமத்தாம்மா சாப்பிடுறேன்.”

சத்தியமான வார்த்தை. வேறு எதுவும் அவருக்குத் தொண்டையில் இறங்காது என்பதுதான் அதற்கு அர்த்தம். அர்த்தத்தை யார் படம் பிடிக்கிறார்கள்? முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு இட்லித் தட்டுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதா, கேட்கவில்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. மறு ஈடு எடுத்து எப்போதும்போல அவர் தட்டில் வைத்தாள். முகத்தைப் பார்க்கத்தான் இல்லை.

காளை மெஸ்ஸைக் கண்டுபிடித்த நாக்கே வேறு வழியில்லாமல் சாப்பிடுகிற கடை என்று அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. வண்டிக்கு ஆட்கள் குறைந்தார்கள். பிறகு நின்றே போனார்கள். சோணைமுத்துவுக்கு, வெட்கமாக இருந்தாலும், உள்ளுக்குள் சந்தோஷம். முழுப் பெஞ்சும் அவருக்கு. முதல் ஈடு அவருக்கு. யார் தொல்லையும் இல்லாமல் நன்றாகக் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு வாரம் ராஜா மாதிரி சாப்பிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை வண்டி இல்லை.

செவ்வாயும் இல்லை. பெஞ்சுகூட இல்லை. பக்கத்து டீக்கடையில் கேட்டார். ஓட்டம் இல்லாமல் வண்டியை விற்றுவிட்டு எங்கேயோ முழுநேர வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். யாரோ ஒரு பாவி வீடியோவில் என்னவோ சொல்லிவிட்டானாம் என்று டீக்காரர் வைதார். அந்தப் பாவி டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சோணைமுத்து அறையில் உட்கார்ந்து வாய்விட்டே அழுதார். பிறகு பன்னையும் பாலையும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டப் பார்த்தார். அது இறங்கவில்லை. சட்டை தொளதொளவென்று ஆனது. கன்னம் ஒட்டியது. மனைவி போனபோது இருந்த அதே வெறுமை வந்து மறுபடியும் நெஞ்சில் குந்திக்கொண்டது. தேடிப் போய் மன்னிப்புக் கேட்கலாமென்றால் முனீஸ்வரி எங்கே வேலை பார்க்கிறாள் என்றே தெரியாது. கேட்டிருந்தால்தானே.

கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதே ஒருநாள் மயங்கி விழுந்தார். காசிமாயன் பதறிப்போனார். லாட்ஜின் முகமே அந்த முகம்தானே. முகத்தில் தண்ணீர் தெளித்து, ஊருக்கே சோறு காட்டிய மனிதன் பட்டினியா என்று திட்டி, நேராகக் காளை மெஸ்ஸுக்குத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திவிட்டு வந்தார்.

வரிசை தெருமுனைவரை நீண்டிருந்தது. பேனரில் கும்பிட்டுக்கொண்டிருந்த சோணைமுத்துவுக்குக் கீழே, காய்ந்த சோணைமுத்து நின்றார். ஆளாளுக்கு செல்ஃபி எடுத்தார்கள். அந்தப் பழைய சாம்பாரை நினைத்துக் குமட்டியது. எல்லாம் விதி என்று நகர்ந்து நகர்ந்து வாசலை நெருங்கினார்.

வாசலில் காற்று திரும்பியது. உள்ளேயிருந்து ஒரு வாசனை வந்தது. சோணைமுத்துவின் வாய் ஊறியது, கண்ணும் ஊறியது. அது குடல் குழம்பு வாசனை.

முண்டியடித்துக்கொண்டு போய் டோக்கன் மேஜையில் கையை நீட்டினார். டோக்கன் கொடுக்கிற முத்திருளன் நிமிர்ந்து இவரைப் பார்த்தான், மேலே பேனரைப் பார்த்தான், டோக்கன் பெட்டியை மூடினான்.

“ஆடி மாசத்துல இருந்தே இங்க சமைக்கிறது முனீஸ்வரி அக்காதாண்ணே, தன் சமையல நீங்க வேற வழியில்லாமத்தான் சாப்பிட்டீங்கன்னு தெரிஞ்சதுல இருந்து, இனிமே அண்ணனுக்கு அந்தக் கஷ்டத்தக் குடுத்துறாதீகன்னு சொல்லி வச்சிருக்கு.”