மேல்வீட்டில் சத்தமே இல்லை என்பது பற்றி ஒரு புகார்

மதிப்பிற்குரிய வீட்டு உரிமையாளரும், என் மனைவியின் ஒரே தம்பியும், ஆகையால் எனக்கு மச்சானுமாகிய தங்களுக்கு,

கீழ்வீட்டு வாடகைக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் அக்காவும் நலம். என் இடுப்பு மட்டும் நலமில்லை, காரணம் பின்னால் வருகிறது. தங்கள் நலமும், தங்கள் வீட்டார் நலமும், மாடிப்படிக் கைப்பிடியின் நலமும் அறிய ஆவல். கைப்பிடியின் நலத்தை நானே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆடியது, இந்த வருஷமும் ஆடுகிறது. தாங்கள் அனுப்பியதாகச் சொன்ன பட்டறைக்காரர் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார் போலிருக்கிறது.

நிற்க. வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்தாயிற்று. இனிமேல் மச்சானோடு பேசுகிறேன். இது புகார்க் கடிதம். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததுமே நீ பெருமூச்சு விட்டிருப்பாய் என்று தெரியும். மேல்வீட்டுச் சத்தத்தைப் பற்றி நான் முன்னால் எழுதிய கடிதங்களை வைத்திருந்தால் கிழித்துப் போடு. இந்தப் புகார் வேறு. கொஞ்ச நாளாக மேல்வீட்டில் சத்தமே இல்லை. இதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்.

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். பாய்லர் அறை இரைச்சலிலேயே காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்றதும், "என் தம்பி வீட்டுக் கீழ்ப்பகுதி காலியா இருக்கு, ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்" என்று ஆசை காட்டித்தான் உன் அக்கா என்னை இங்கே கூட்டி வந்தாள். (எனக்குக் காது மந்தம் என்று அவள் ஊரெல்லாம் சொல்வாள். அது அவள் கூப்பிடும்போது மட்டும்.) ஊசி விழுந்திருந்தால் பரவாயில்லை. மேலே கட்டிலை இழுத்தார்கள். சின்னக் கட்டில், குழந்தை படுப்பதற்கு வாங்கியது. ஒரு நாள் ஜன்னலோரம் போடுவார்கள்; அப்புறம் வெயில் முகத்தில் அடிக்கும் என்று சுவரோரம் இழுப்பார்கள்; சுவர் ஈரமாக இருக்கிறது என்று (இதையும் வீட்டுக்காரர் கவனிக்கவும்) மறுபடியும் ஜன்னலுக்கே கொண்டுபோவார்கள். கட்டில் ஊர் சுற்றியதே தவிர அதில் படுக்கக் குழந்தை வரவில்லை.

மேல்வீட்டுத் தம்பி கண்ணாடிக்கடையில் கண் பார்த்து நம்பர் சொல்கிறவர், அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட், இரண்டு பேரும் ஏதோ வேலைக்குப் போய் வருகிறவர்கள் என்பதுதான் உனக்குத் தெரியும். கடல் தாண்டி ஒரு நாட்டில், ஒரு காப்பகத்தில், ஒரு பெண் குழந்தை இவர்களுக்காகக் காத்திருக்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. தத்தெடுக்க இரண்டு அரசாங்கமும் சரி சொல்லிவிட்டது. போட்டோவும் வந்தது. இடது வலது மாற்றிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, போட்டோ எடுக்கிறவரை முறைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்த முறைப்பைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போய்விட்டது, நம்ம ஆள் என்று. இன்றைக்கு நாளைக்கு வந்துவிடுவாள் என்று இருக்கும்போது அந்த நாட்டு அதிகாரி மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் பழையவர் போட்ட முத்திரை செல்லாது என்றார். புது முத்திரை வாங்குவதற்குள் இவர்களுடைய மருத்துவச் சான்றிதழ் காலாவதியானது. மறுபடி ரத்தம் கொடுத்து அதை வாங்குவதற்குள் போலீஸ் சான்றிதழ் காலாவதியானது. அதை வாங்கி அனுப்பினால் அங்கே நீதிமன்றத்துக்கு விடுமுறை. கூடையில் ஒரு பழம் பழுப்பதற்குள் இன்னொன்று அழுகிவிடுகிறது, மச்சான். குழந்தையும் வளர்கிறாள் இல்லையா? "அந்தச் செருப்பு இப்போ அவளுக்குப் பத்தாது" என்று சொல்லிவிட்டு மேல்வீட்டுப் பெண் ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதற்கு நடுவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஏதாவது தகவல் வந்துச்சா?" என்று கேட்கிறார்கள். பால் போடுகிறவர் கேட்கிறார், கண் பரிசோதிக்க வந்தவர் சுவரில் இருக்கிற எழுத்தைப் படிக்காமல் இதைக் கேட்கிறாராம். கடைசியில் அந்தப் பெண் சட்டமே போட்டுவிட்டாள்: தகவல் வந்தால் நாங்களே சொல்வோம், யாரும் கேட்கக் கூடாது. நியாயம்தான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டாமா? அதனால் தினம் சாயங்காலம் மாடியேறிப் புகார் சொல்ல ஆரம்பித்தேன். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"ஏம்மா, சத்தம் தாங்கல."

"என்ன சத்தம் அங்கிள்? இப்பத்தான் வேலையிலிருந்து வந்து உக்காந்தேன். உக்கார்றதும் தப்பா? நாங்க மூச்சு விடறதும் கீழ கேக்குதா?"

"கேக்குது."

அவ்வளவுதான், பிடித்துக்கொள்வாள். அந்த அதிகாரி மேல் இருக்கிற கோபம், நீதிமன்றத்தின் மேல் இருக்கிற கோபம், எல்லாம் என் தலையில் இறங்கும். நான் நின்று வாங்கிக்கொள்வேன். பாய்லரில் அழுத்தம் ஏறினால் வால்வைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். அது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. திட்டி முடித்ததும் அவளே "டீ குடிக்கிறீங்களா?" என்பாள். குடித்துவிட்டு வருவேன். உனக்கு நான் எழுதிய புகார்களில் பாதி இப்படி வந்தவை. மீதிப் பாதி, கைப்பிடி.

கைப்பிடி என்றதும் ஞாபகம் வருகிறது. குழந்தை வளர்வதற்கு ஏற்ற வீடா என்று பார்க்கத் தத்தெடுப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா பெரிய பையோடு வந்தார். நான்தான் வழிகாட்டினேன். பாதிப் படியில் கைப்பிடி அந்த அம்மா கையோடு வந்துவிட்டது. "உரிமையாளர் என் மச்சான்தாங்க, நல்ல மனுஷன், ஆள் அனுப்பிக்கிட்டே இருக்கார்" என்று உன் மானத்தைக் காப்பாற்றினேன். மேல்வீட்டைப் பார்த்து முடித்துவிட்டு அவர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். எனக்குச் சிகரெட் பழக்கம் உண்டா, நெஞ்சு வலி உண்டா என்று கேட்டார். தத்தெடுப்பது அவர்களா நானா? கோபம் வருமா என்றார். "எனக்கா? கோபமா? யார் சொன்னது?" என்று நான் கேட்டது தெருவுக்கே கேட்டதாக உன் அக்கா சொல்கிறாள். மாடி ஏற முடியுமா என்றார். முடியுமாவா? நிரம்பிய தண்ணீர்க் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறிக் காட்டினேன். ஏறியது கேன், இறங்கியது என் இடுப்பு. குழந்தைகள் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் நான் குப்புறப் படுத்திருக்கும்போது இன்னும் என்னென்னவோ கேட்டார். வலி தாங்காமல் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினேன். மேல்வீட்டுப் பெண்தான் இடுப்பை நீவிவிட்டாள், திட்டிக்கொண்டே.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். உன் மகனுக்கு இந்த ஊருக்கு மாற்றலாம், மேல்வீடு காற்றோட்டமாக இருக்கும், ஒப்பந்தமும் முடிந்துவிட்டது, காலி செய்து கொடுங்கள் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறாய். உன் வீடு, உன் மகன், உன்மேல் தப்பில்லை. ஆனால் அந்த அம்மா வந்து எழுதிய அறிக்கை இந்த வீட்டைப் பற்றியது. இந்த அறை, இந்த ஜன்னல், இந்தப் படி. வீடு மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை உன்னிடம் சொல்ல அவர்களுக்கு மனசு வரவில்லை. கெஞ்சிக் கெஞ்சியே அலுத்துப்போனவர்கள். உன் கடிதம் வந்த அன்றைக்கும் வழக்கம்போல் சத்தம் தாங்கவில்லை என்று போய் நின்றேன். அவள் திட்டவில்லை. "பாப்பா கட்டிலைக் கழட்டி வச்சிட்டோம் அங்கிள். இனிமே சத்தம் வராது" என்றாள். டீ குடிக்கிறீங்களா என்றும் கேட்கவில்லை.

அதிலிருந்து மேலே ஊசி விழுந்தால்கூடக் கேட்கும், மச்சான். முன்பெல்லாம் அவர்கள் அந்தக் குழந்தையின் பாஷையைச் சத்தம் போட்டுப் படிப்பார்கள். கீழே படுத்துக் கேட்டுக் கேட்டு, "பயப்படாதே", "பசிக்குதா", "செருப்பு எங்கே", இந்த மூன்றும் எனக்கே வந்துவிட்டன. அதைக் கற்றுக்கொண்டு நான் யாரிடம் போய்ப் பேசுவது? உன் அக்காவிடம் "பயப்படாதே" என்று சொல்லிப் பார்த்தேன். "என்ன உளறல்?" என்றாள். அந்த மூன்று வார்த்தையையும் அந்தக் குழந்தையிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஆகவே என் முடிவு. மேல்வீட்டை விட்டுவிடு. கீழ்வீட்டை நாங்கள் காலி செய்து தருகிறோம். உன் மகன் அதில் வந்து இருக்கட்டும். இங்கேயும் சுவர் ஈரம்தான், அதை மட்டும் சகித்துக்கொள்ளச் சொல். எங்களுக்கு எங்கே போனாலும் நாலு சுவர்தான். உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கட்டாயம் ஒத்துக்கொள்வாள்.

உனக்கும் உன் மனைவிக்கும் எங்கள் ஆசீர்வாதம். மருமகனுக்குப் புது ஊரில் வேலை நன்றாக அமைய வேண்டும். எல்லாரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
காலி செய்யவிருக்கும் கீழ்வீட்டு வாடகைக்காரன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம்.

உறையில் போடுவதற்கு முன்னால் உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாம போயிட்டா அந்தக் குழந்தை எப்படி வரும்?" என்றாள். மேல்வீட்டார் வேலையில் மாட்டிக்கொண்டால், உடம்புக்கு முடியாமல் போனால், குழந்தையைப் பக்கத்திலிருந்து யார் பார்த்துக்கொள்வார்கள் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். கீழ்வீட்டில் இருக்கிறார்கள் என்று இவர்கள் எங்களைச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் நெஞ்சு வலியும் சிகரெட்டும் மாடிப்படியும். நாங்கள் நகர்ந்தாலும் எல்லாம் முதலிலிருந்துதானாம்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே" என்றேன்.

"கேட்டாங்களே. நீங்கதானே குப்புறப் படுத்துக்கிட்டு சரிம்மா சரிம்மான்னு தலையாட்டினீங்க. உறவுமுறை என்னன்னு கேட்டப்போ எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அந்தப் பொண்ணுதான் பட்டுன்னு சொல்லிச்சு, தாத்தா பாட்டின்னு."

மச்சான், இந்தப் பின்குறிப்புக்குத் தாளில் இடம் தேடினேன். அதற்குள் உன் அக்கா உன் மகனுக்கே போன் போட்டுவிட்டாள். தனியாள்தானே, எங்கள் முன்னறையில் அத்தை சாப்பாட்டோடு இருந்துகொள்கிறானாம். சந்தோஷமாகச் சரி சொன்னான். கிடாரும் கொண்டுவருவானாம், வரட்டும். இதைச் சொல்ல அவள் மாடிக்குப் போனாள். போனவள் இன்னும் இறங்கவில்லை. மூன்று பேரும் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று கீழேயிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை.

குழந்தை எப்போது வருவாள் என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனால் இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேலே கட்டிலை மறுபடி பூட்டி இழுக்கிறார்கள். ஜன்னல் பக்கம் போகிறது. இல்லை, சுவர் பக்கம். காது கிழிகிறது. சத்தம் பற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை.

கைப்பிடிக்கு மட்டும் நாளைக்கே ஆள் அனுப்பு. இத்தனை நாளாகக் கேட்டவன் வாடகைக்காரன், பொறுத்துக்கொண்டான். இப்போது கேட்பது அவளுடைய தாத்தா.