வெடிக்குப் பயந்த பனங்கட்டி

தாரா அண்ணையைப் போல நாய்க்குப் பயந்த மனிதர் ரொறொன்ரோவில் இருந்ததில்லை. அவரைப் போல நாய் வளர்த்த மனிதரும் இருந்ததில்லை. இரண்டையும் நான் ஒரே பேஸ்மென்றில் இருந்து பார்த்தவன் என்பதால் அடித்துச் சொல்லுவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெக்ஸ்போர்டில் ஒரு சின்ன வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று பேர் குடியிருந்தோம்: நான், பாலன், தாரா அண்ணை. மேலே வீட்டுக்கார அன்ரி. தாரா அண்ணைக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய தபால்களில் மட்டும் வாழ்ந்தது. பிக்கரிங்குக்கு அப்பால் ஒரு பண்ணையில் கூடு கழுவுகிற வேலை இருக்கிறது என்று ஏஜென்சிக்காரர் அனுப்பினார்கள். கோழிக்கூடு என்று நினைத்துக்கொண்டு போனார். போன இடத்தில் கூடு நிறைய நாய்கள். முதல் நாள் முதலாளி வந்து இறக்கிவிடும் வரை அவர் ஒரு ட்ரக்கின் முன்மூடியில் ஏறி நின்றாராம்.

அந்த முதலாளி நெட்டையான ஒரு வெள்ளைக்காரக் கிழவர். வேட்டைக்காரருக்கு நாய் பழக்கி விற்பவர். கடிக்கிற நாய்கள் இல்லை. மனிதன் சுட்ட தாரா தண்ணீரில் விழுந்தால், நீந்திப் போய், பல் பதியாமல் கவ்வி, கொண்டுவந்து கையில் கொடுக்கிற நாய்கள். இங்கே வாத்து என்று படித்தவர்கள் சொல்வதை ஊரில் தாரா என்போம். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் போதே அண்ணை தாரா விழுந்த கதையைத் தொடங்கிவிடுவார். சோற்றில் கை வைக்கும்போது தாரா இன்னும் கரைக்கு வந்திருக்காது. பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு கோடைகாலச் சனிக்கிழமை, அன்ரி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் ஒரு நாயோடு வந்து இறங்கினார். லாப்ரடோர் பெட்டை, பனங்கட்டி நிறம். பண்ணையில் வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார்களாம். இவர் பனங்கட்டி என்றுதான் கூப்பிட்டார், அதுவும் திரும்பிப் பார்த்தது.

விஷயம் இதுதான். பனங்கட்டிக்கு மூளையும் இருந்தது, மூக்கும் இருந்தது, தண்ணீரைக் கண்டால் ஆசையும் இருந்தது. துவக்குச் சத்தம் கேட்டால் மட்டும் ட்ரக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு நடுங்கியது. வெடிக்குப் பயந்த வேட்டைநாயால் ஒருவருக்கும் பிரயோசனமில்லை என்று கிழவர் சொல்லிவிட்டார். இலையுதிர் காலத்தில் தாரா சுடுவது தொடங்கும். அதற்குள் தேறாவிட்டால் அவளைப் பண்ணையில் வைத்திருக்கமாட்டார். எங்கே அனுப்புவார் என்று அண்ணை கேட்கவில்லை. கிழவரும் சொல்லவில்லை. கூட்டி வந்து பழக்கிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு இவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்ரி கோயிலால் வந்து, உடுப்புத் தோய்க்கக் கூடையோடு கீழே இறங்கினா. படியின் நடுவில் நாயைக் கண்டதும் கூடை கையை விட்டுப் போனது. அதே நேரம் அண்ணை பதறி, நாய் பழக்கக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த விசிலை நீளமாக ஒரு ஊது ஊதினார். நீள ஊதல் என்றால் நின்ற இடத்திலேயே அமர்ந்து இருக்க வேண்டும் என்பது பாடம். நாய் இருந்தது. அன்ரியும் படியில் இருந்துவிட்டா.

மூச்சு வந்ததும் அன்ரி, நாயும் வேண்டாம், நாயைக் கொண்டுவந்தவரும் வேண்டாம், மாத முடிவில் எல்லோரும் வேறு இடம் பாருங்கள் என்று தொடங்கினா. எல்லோரும் என்றதில் நானும் பாலனும் அடக்கம். நாங்கள் அண்ணையைப் பார்த்த பார்வையில் அவர் அன்றைக்கே எரிந்திருக்க வேண்டும். அந்த நேரம் பனங்கட்டி எழும்பி, சிதறிக் கிடந்த உடுப்பில் ஒரு சீலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு படியேறி, அன்ரியின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி, அடுத்ததை எடுக்கப் போனது. கூடை முழுவதையும் அப்படியே கொண்டுவந்து சேர்த்தது. அன்ரி சீலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. ஒரு பல் அடையாளம் இல்லை.

"ஈரமாக்கிப் போட்டுது," என்றா. வேறு இடம் பார்க்கிற கதை அதன் பிறகு வரவில்லை.

அந்த வீட்டில் எங்களை விட பனங்கட்டிதான் நன்றாகச் சாப்பிட்டாள். காய்ந்த நாய்த்தீனியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, அவித்த முட்டையும் கொஞ்சம் மீனும் சேர்த்து அண்ணை கையால் பிசைவார். வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்று கிழவர் சொல்லியிருந்தாராம். எங்கள் சமையலில் வெங்காயம் இல்லாத சட்டி எது? ஆகவே அவளுக்குத் தனிச்சட்டி, தனிக்கரண்டி. நான் ஒருநாள் அந்தக் கரண்டியால் பருப்பைக் கிண்டிவிட்டு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. என்னுடைய குளிர்காலக் காலுறைகளும் அந்தப் பருவத்தில்தான் காணாமல் போயின. அவற்றைச் சுருட்டி, கான்வாஸ் துணியில் வைத்துத் தைத்து, எறிந்து எடுத்துவரப் பழக்க ஒரு பொய்த் தாரா செய்திருந்தார்.

வெடிப்பயத்துக்கான மருந்தும் சாப்பாட்டு வேளையில்தான். நாய் தின்னும்போது தூரத்தில் ஒரு சத்தம். பயப்படாமல் தின்றால் அடுத்தநாள் கொஞ்சம் கிட்ட. சத்தம் கேட்டால் சாப்பாடு வரும் என்று அதன் மண்டையில் ஏறவேண்டும். அண்ணை கதவுக்கு வெளியே நின்று சட்டி மூடியில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினார். பனங்கட்டி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தின்றாள். பாலன் மேசைக்கு அடியில் இருந்தான்.

நாங்கள் சிரிக்கவில்லை. பாலன் ஊரில் ஷெல்லடிக்குள் இருந்து வந்தவன். அங்கே மேசை இல்லாததால் பதுங்குகுழி. அடுத்த நாளில் இருந்து அண்ணை மூடியைத் தட்டுவதற்கு முன் பாலனுக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தார். நாய்க்கு வைத்த வைத்தியத்தை உவர் எனக்கும் செய்கிறார் என்று பாலன் கோபித்தான். ஆனாலும் பிஸ்கட்டைத் தின்றான்.

ஆவணி முடியும்போது மூடி, தகரம், காற்று ஊதி உடைத்த கடதாசிப்பை எல்லாவற்றையும் பனங்கட்டி தாண்டிவிட்டாள். அடுத்தது துவக்கு. ஓட்டப்போட்டி தொடக்கிவைக்கச் சுடுகிற பொய்த் துவக்கு ஒன்றைக் கிழவர் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஹைட்ரோ மின்கம்பிகள் போகிற நீளமான புல்வெளி. ஒரு ஞாயிறு மத்தியானம் ஒரு முனையில் அண்ணை நாயோடு நின்றார். மறுமுனையில் துவக்கோடு நான். பாலன் வரமாட்டேன் என்றுவிட்டான்.

சுட்டேன். பனங்கட்டி சுருண்டு புல்லோடு ஒட்டிக்கொண்டாள். பின்னுக்குப் போய் இன்னொருமுறை சுட்டேன். அதே கதைதான். மூன்றாவது முறை கையை உயர்த்தும்போதுதான் கவனித்தேன். நான் சுடுவதற்கு முன்னமே அண்ணையின் கண்கள் இறுகி மூடிக்கொள்கின்றன. தோள்கள் காதுக்கு ஏறுகின்றன. நாயின் கழுத்துப் பட்டியில் இருந்த கை முறுகுகிறது. வெடிக்கும் முன்பே நாய் அவரை அண்ணாந்து பார்த்து நடுங்குகிறது.

அதை அவரிடம் சொல்லப் போகும்போதுதான் இரண்டு பொலிஸ் கார்கள் புல்லுக்குள் ஏறி வந்தன. யாரோ தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். கையில் துவக்கோடு நான். கீழே போடு என்ற சத்தம் முடியும் முன் நான் அதைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன். அண்ணையும் தூக்கினார். அவர் கையை விட்டது பனங்கட்டிக்கு ஓடச் சொன்னது போல இருந்தது. புது ஆட்களைக் கண்ட சந்தோஷத்தில் அவள் பொலிஸ்காரரை நோக்கிப் பாய்ந்து ஓடினாள். முன்னால் நின்ற பொலிஸ்காரரின் கை இடுப்புக்குப் போனது.

அது ஒன்றும் செய்யாது என்று சொல்ல எனக்கு ஆங்கிலம் வரவில்லை, தமிழும் வரவில்லை. உயர்த்திய கைகளோடு அண்ணை அசையாமல் நின்றார். விசில் அவர் வாயிலேயே இருந்தது. அவர் ஊதினார், ஒரு நீள ஊதல். பனங்கட்டி ஓட்டத்தின் நடுவில் அப்படியே நின்று, பின்காலை மடித்து, பொலிஸ்காரரின் சப்பாத்துக்கு முன்னால் அமர்ந்தாள். வால் மட்டும் புல்லைக் கூட்டிக்கொண்டிருந்தது.

பொலிஸ்காரரின் கை மெல்ல இடுப்பை விட்டு வந்தது.

"டக், சேர்," என்றார் அண்ணை. "டக் டோக்."

விளக்கி முடிக்க நெடுநேரம் பிடித்தது. கடைசியில் இளையவராக இருந்த பொலிஸ்காரர் இன்னொருமுறை ஊதிக் காட்டச் சொன்னார். மற்றவர் துவக்கை எடுத்துக்கொண்டு, நகரத்துக்குள் இந்த விளையாட்டு இனி வேண்டாம் என்று எச்சரித்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து நான் கண்டதைச் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். நாயின் காதைத் தடவினார்.

"அப்ப அவளுக்கு ஒரு குறையுமில்லை," என்றார். "என்னைத்தான் பழக்க வேணும்."

எந்தச் சத்தத்தில் இருந்து அவர் ஓடி வந்தவர் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் எங்களுடையதையும் சொல்ல வேண்டி வரும்.

அன்றிரவுச் சாப்பாட்டில் இருந்து வைத்தியம் அவருக்கு நடந்தது. அவர் புட்டைக் குழைக்கும்போது பாலன் கதவுக்கு வெளியே மூடியைத் தட்டுவான். அவனுக்கு அதில் ஒரு பழிவாங்கும் சந்தோஷம் இருந்தது. இரண்டு மூன்று நாள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த அன்ரி காரணம் விசாரித்துவிட்டு, மூடியைப் பாலனிடமிருந்து வாங்கிக்கொண்டா. கோயில் மணி அடித்துப் பழகிய கை. எந்த நேரத்தில் எந்தப் பக்கத்தால் வந்து அடிப்பா என்று தெரியாது. அண்ணையின் புட்டு சுவரில் எல்லாம் ஒட்டியது.

"கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிடும்," என்பா அன்ரி. "இன்னொருக்கா."

ஐப்பசி வந்தபோது அவர் கண்ணை மூடாமல் சாப்பிட்டார். கை மட்டும் இறுகியது. முழுவதும் தேறிவிட்டதாக ஒருவரும் சொல்லத் துணியவில்லை. கிழவர் நாள் குறித்துவிட்டார்.

என்னுடைய பழைய காரில் நான், அண்ணை, பனங்கட்டி மூவரும் போனோம். பனங்கட்டிக்கு முதல்நாள் மாலையோடு அண்ணை சாப்பாடு நிறுத்தியிருந்தார். வெறும் வயிற்றோடுதான் நாய் நன்றாக வேலை செய்யும் என்றார். தானும் ஒன்றும் சாப்பிடவில்லை.

பண்ணைக்குப் பின்னால் நாணல் அடர்ந்த ஒரு சதுப்புக்குளம். வானத்தில் போகிற தாராக்களை ஏமாற்ற, பிளாஸ்ரிக் தாராக்களை நூலில் ஈயக்குண்டு கட்டி மிதக்கவிட்டிருந்தார்கள். கிழவர் தலையை அசைத்து எங்களை இருக்கச் சொன்னார். குளிர் சப்பாத்துக்குள்ளால் ஏறியது. அண்ணையின் கை நாயின் பட்டியில் இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாராக்கள் வந்தன. கிழவர் எழுந்து சுட்டார். அண்ணையின் விரல்கள் ஒருமுறை வெளிறின. பனங்கட்டி அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கண்களைத் திறந்தே வைத்திருந்தார். அவள் திரும்பி, தாரா விழுந்த இடத்தைப் பார்த்தாள்.

"போ," என்றார் அண்ணை.

நீந்தினாள், நாணலுக்குள் மறைந்தாள், தாராவைக் கவ்விக்கொண்டு வந்தாள். கிழவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அப்போதுதான் அவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். நீந்துகிறாள், நகரவில்லை. ஒரு பிளாஸ்ரிக் தாரா அவளுக்குப் பின்னால் ஆடியது. நூல் பின்காலில் சுற்றி, அடியில் எதிலோ மாட்டிக்கொண்டுவிட்டது. தலை ஒருமுறை தாழ்ந்து மேலே வந்தது. வாயில் இருந்ததை அவள் விடவில்லை. விட்டிருந்தால் நன்றாக மூச்சு எடுத்திருப்பாள். விடச்சொல்லி ஒருவரும் சொல்லவில்லையே.

தோணி மறுகரையில் என்று கிழவர் கத்திக்கொண்டு நொண்டி நொண்டி ஓடினார். அண்ணை ஓடவில்லை. நீச்சல் தெரியாத மனிதர், ஜக்கெற்றோடு தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. சேறு ஒரு காலை இழுத்து ஒருபக்கமாகச் சரிந்தார், நிமிர்ந்தார். நான் அவர் பெயரைக் கூப்பிட்டேன், தபாலில் வருகிற பெயரை.

அவர் நாயை எட்டிப் பிடித்து, மறுகையைத் தண்ணீருக்குள் விட்டு நூலைத் தேடிக்கொண்டிருந்தபோது, குளத்தின் அடுத்த பக்கத்தில் வேறு வேட்டைக்காரர்கள் சுடத் தொடங்கினார்கள். அடுத்தடுத்து வெடித்தது. நான் சேற்றில் முகங்குப்புற விழுந்து கிடந்தேன். யாரும் தள்ளவில்லை, உடம்பு தானாக விழுந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவர்கள் இருவரும் அப்படியே இருந்தார்கள். நாடி வரை தண்ணீரில் நின்று அவர் குனிந்து முடிச்சைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் தாராவைக் கவ்வியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு மிதந்தாள்.

கரைக்கு வந்ததும் பனங்கட்டி உடம்பை உதறக்கூட இல்லை. அண்ணைக்கு முன்னால் அமர்ந்து, தாராவை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைக் கிழவரிடம் நீட்டினார். கிழவர் இறகுக்குள் விரலை விட்டு விலா எலும்புகளைத் தடவிப் பார்த்தார். ஒன்றும் நசியவில்லை. பிறகு தன் ஜக்கெற்றைக் கழற்றி அண்ணையின் தோளில் போட்டு, இவள் இனி விற்பனைக்கு இல்லை, உன்னுடையவள், வேட்டை நாட்களில் இரண்டு பேரும் வந்து வேலை செய்யுங்கள் என்றார். அண்ணைக்குப் பல் அடித்துக்கொண்டதில் நன்றி சொல்ல முடியவில்லை.

காரில் ஹீற்றரை முழுதாகத் திறந்துவிட்டேன். கிழவர் கொடுத்த தீனியைப் பனங்கட்டிக்கு அள்ளி ஊட்டிய பிறகுதான் அண்ணை தேத்தண்ணியைத் தொட்டார்.

"பயப்படேல்லையோ அண்ணை?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"அந்தப் பக்கத்தாலை சுட்டவங்கள்."

அவர் யோசித்துப் பார்த்தார். "ஆர் சுட்டது? எனக்கு ஒண்டும் கேக்கேல்லை."

பிக்கரிங் தாண்டும்போது பின்சீற்றில் பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன். பனங்கட்டி அவர் மடியில் தலையை வைத்திருந்தாள், அவர் அவள் முதுகில் சாய்ந்திருந்தார், இருவரும் வாயைத் திறந்து நல்ல நித்திரை. வெக்ஸ்போர்டுக்கு இறங்குகிற எக்ஸிற் வந்தது. நான் இறங்கவில்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைத்து நேரே ஓட்டிக்கொண்டு போனேன்.